உள்ளங்கை வியர்க்கும் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல

ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு பிள்ளை "எனக்கு ரொம்ப வேர்க்குது" என்று சொன்னால், "யாருக்குத்தான் வேர்க்கல?" என்ற பதில்தான் முதலில் வரும். மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரை வீசுவது ஈரக்காற்று. வெயில் குறைந்த நாளிலும் உடம்பு கசகசக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலராமல் தோலிலேயே தங்கிவிடுகிறது. எல்லோரும் நனைந்து நிற்கிற ஊரில், நோயால் நனைகிற பிள்ளை கண்ணில் படுவதில்லை. அதைவிட மோசம், அந்தப் பிள்ளை வாய் திறந்து சொல்லியும் யாரும் நம்புவதில்லை. பெற்றோர், ஆசிரியர், விடுதிக் காப்பாளர், சித்தி, மாமா என்று ஒரு பதின்வயதுப் பிள்ளைக்கு அருகில் இருக்கும் எவரும் செய்யவேண்டிய முதல் வேலை, நம்புவது. மருத்துவமனை அதற்குப் பிறகுதான்.

நம்புவதற்கு ஆதாரம் வேண்டுமா? எவ்வளவு வியர்க்கிறது என்று பார்க்காதீர்கள். எப்போது வியர்க்கிறது என்று பாருங்கள். மார்கழி விடியற்காலையில், மற்றவர்கள் போர்வைக்குள் இருக்கும்போது, கோலமாவு அந்தப் பெண்ணின் விரலில் ஒட்டிக் கட்டியாகிறதா? குளிர்சாதனப் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போதும் பையனின் உள்ளங்கையிலிருந்து சொட்டுகிறதா? மின்விசிறிக்கு நேர்கீழே எழுதினாலும் நோட்டின் தாள் அலை அலையாகச் சுருங்குகிறதா? உடம்பெல்லாம் உலர்ந்திருக்க, இரண்டு உள்ளங்கை, இரண்டு உள்ளங்கால், இரண்டு அக்குள் அல்லது முகம் மட்டும் நனைகிறதா? அப்படியென்றால் அது கடற்காற்றின் வேலை அல்ல.

இன்னொரு சோதனையும் உண்டு. பிள்ளை நன்றாகத் தூங்கிய பிறகு அதன் உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கள். இந்த வகை வியர்வை தூக்கத்தில் நின்றுவிடும். பகலெல்லாம் ஈரமாக இருந்த கை இரவில் காய்ந்திருந்தால் மருத்துவரிடம் அதைத் தவறாமல் சொல்லுங்கள். வேறு காரணம் தெரியாமல் 6 மாதமாவது இது நீடிக்கிறதா, வாரம் ஒருமுறையாவது வருகிறதா, இரண்டு பக்கமும் ஒரேபோல் இருக்கிறதா, 25 வயதுக்கு முன்பே தொடங்கியதா, அன்றாட வேலை தடைப்படுகிறதா, குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்றெல்லாம் அவர் கேட்பார். மருத்துவச் சீட்டில் 'ஹைப்பர்ஹைட்ரோசிஸ்' என்று எழுதுவார். வேறு நோயின் விளைவாக வராமல் தானாகவே வரும் வகை இது. பெரும்பாலும் பள்ளி வயதிலோ பருவமடையும் காலத்திலோ தலைகாட்டும்.

மனித உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை மிக நெருக்கமாக அமைந்திருக்கும். இந்தப் பிள்ளைகளுக்குச் சுரப்பியில் கோளாறு இல்லை, எண்ணிக்கையும் கூடுதல் இல்லை. சுரப்பியை இயக்கும் பரிவு நரம்புகள் தேவைக்கு மேல் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. பயமும் பதற்றமும் அதைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் பயந்த பிள்ளை என்பதால் இது வரவில்லை. 'பயந்தாங்கொள்ளி', 'உடம்புச் சூடு' என்ற இரண்டு பட்டங்களையும் வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். எண்ணெய்க் குளியலும் நுங்கும் நல்லவைதான், சாப்பிடட்டும், குளிக்கட்டும். அதனால் இந்த நரம்பு அடங்காது.

2004இல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பு, அங்குள்ளவர்களில் 2.8 சதவீதம் பேருக்கு இந்தத் தொல்லை இருப்பதாகச் சொன்னது. அந்த விகிதத்தை வைத்துப் பார்த்தால், 40 பேர் இருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளை தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

பேச்சைத் தொடங்குவது

பதின்வயதில் இதை யாரும் தானாக வந்து சொல்வது அரிது. மறைக்கும் விதங்களைத்தான் நாம் கவனிக்க வேண்டும். எப்போதும் கைக்குட்டையைப் பிடித்திருப்பது, வெள்ளைச் சீருடையில் அக்குள் ஈரம் தெரியாதபடி கையை உடம்போடு ஒட்டியே வைத்திருப்பது, கபடி அணியிலிருந்து திடீரென்று விலகுவது, ஆண்டுவிழா நடனத்தில் ஜோடி சேர்த்ததும் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வது எல்லாம் அடையாளங்கள். கீழக்கரையில் பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் கைகொடுத்து முஸாபஹா செய்யும் நேரத்தில் ஒரு பையன் மட்டும் பின்வரிசையில் நழுவுகிறான் என்றால், திமிர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாம்பனில் படகு எஞ்சின் வேலைக்கு அப்பாவோடு போகும் பையனின் கையிலிருந்து ஸ்பேனர் வழுக்குகிறது என்றால், கவனக்குறைவு என்று திட்டுவதற்கு முன் அவன் உள்ளங்கையைப் பாருங்கள்.

கேட்கும்போது நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். பாத்திரம் கழுவும்போதோ வண்டியில் போகும்போதோ, முகத்துக்கு முகம் பார்க்காத நேரம் நல்லது. "நோட்டு நனையுறத நானும் பாத்தேன்த்தா. இது நெறைய பேருக்கு இருக்காம், டாக்டர்கிட்ட மருந்து இருக்காம். ஒருநா போயிட்டு வருவமா?" என்ற அளவு போதும். முடியாது என்று சொன்னால் வற்புறுத்த வேண்டாம். ஒரு வாரம் விட்டு மறுபடி கேளுங்கள். பெண்பிள்ளை என்றால், "வெளிய தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணப் பேச்சுல சிக்கல்" என்று வீட்டுப் பெரியவர்கள் இழுப்பார்கள். மறைத்து வைத்துக் கல்யாணம் வரை கொண்டுபோவதைவிட 14 வயதில் மருந்து தொடங்குவது எவ்வளவோ மேல் என்று அவர்களிடம் நேராகவே சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை வேறொன்று. இந்தத் தொல்லை குடும்பவழி வருவது வழக்கம். அதனால் அப்பாவுக்கோ அத்தைக்கோ இதே கை இருக்கும். "எனக்கும் இப்படித்தான், பழகிப்போச்சு, என்ன கெட்டுப்போச்சு?" என்பார்கள். அவர்கள் பழகிக்கொண்டது வேறு வழி தெரியாமல். அவர்கள் காலத்தில் ஓஎம்ஆர் தாள் இல்லை, கைரேகை வைக்கும் கருவி இல்லை, விரலால் தொட்டு இயக்கும் கைப்பேசியும் இல்லை. அதே அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். குடும்ப வரலாற்றுக்கு அவரே சாட்சி.

எதைத் தள்ளிப்போடக் கூடாது

வியர்வை வேறொரு நோயின் அறிகுறியாகவும் வரலாம். அப்போது அது உள்ளங்கையோடு நிற்காது, உடம்பு முழுக்க வரும், தூக்கத்திலும் வரும். இரவில் படுக்கை நனையும்படி வியர்த்து, எடை குறைந்து, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை உடனே வேண்டும். அரசு மருத்துவமனையில் இது இலவசம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து வியர்த்து விட்டால் மலேரியா ரத்தப் பரிசோதனை. ராமேஸ்வரம் தீவு நெடுங்காலமாக மலேரியாக் கண்காணிப்பில் உள்ள பகுதி என்பதால், தீவுப் பிள்ளைகளுக்கு இதை மறக்கக் கூடாது. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் மெலிவு என்றால் தைராய்டு பார்க்க வேண்டும். இன்சுலின் போடும் பிள்ளைக்குத் திடீரென்று குளிர்ந்து வியர்த்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். சுயநினைவு இருந்தால் அந்த நிமிடமே இனிப்பான எதையாவது கொடுத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் வியர்ப்பதும், புதிதாக ஒரு மாத்திரை தொடங்கியபின் வியர்ப்பதும் மருத்துவர் பார்க்கவேண்டியவையே.

எங்கே போவது, என்ன கொண்டுபோவது

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ ராமேஸ்வரம், பரமக்குடி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனையோ போதும். தோல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. அந்தக் கல்லூரி மருத்துவமனை, ராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 55 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. அங்கே முடியாத சிகிச்சைக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. அரசுப் பள்ளிகளுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பார்க்கும். அந்த நாளில் வகுப்பாசிரியர் பிள்ளையின் பெயரை மெதுவாக மருத்துவர் காதில் போட்டுவைத்தால், பாதி வழி நடந்தமாதிரி.

நாள் குறிப்பதில் இந்தக் கரைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்பா கரையில் இருப்பார், பள்ளியும் பெரும்பகுதி விடுமுறை. கையில் காசு குறையும் மாதங்கள் அவை என்பதை அறிவேன். ஆனால் அரசு மருத்துவமனைக்குப் பேருந்துக் காசு போதும், அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை போய்வரவும் நேரம் கிடைக்கும். தை மாதத்தில் தெரிந்த தொல்லைக்குச் சித்திரை வரை காத்திருக்கச் சொல்லவில்லை. மற்ற மாதங்களில் போகவே முடியாத குடும்பங்கள் அந்த மாதங்களைத் தவறவிட வேண்டாம்.

போகும் முன் பிள்ளையே ஒரு தாளில் எழுதட்டும்: எப்போது தொடங்கியது, எங்கெங்கே, எந்த வேலை கெடுகிறது, இதுவரை என்னென்ன பூசினோம். தொல்லையின் அளவைச் சொல்ல மருத்துவர்கள் நான்கு படிகள் வைத்திருக்கிறார்கள். கவனத்துக்கே வராதது முதல் படி. பொறுத்துக்கொள்ளலாம், சிலநேரம் இடைஞ்சல் என்பது இரண்டாவது. பொறுப்பது கடினம், அடிக்கடி இடைஞ்சல் என்பது மூன்றாவது. பொறுக்கவே முடியாது, எப்போதும் இடைஞ்சல் என்பது நான்காவது. பிள்ளை தன் படியைத் தானே சொல்லட்டும். பக்கத்தில் நின்று "அவ்வளவெல்லாம் இல்ல டாக்டர்" என்று திருத்தாதீர்கள். நனைந்து சுருங்கிய ஒரு நோட்டுத் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் ஒரு நிமிடம்தான் கிடைக்கும், பத்து வாக்கியம் சொல்லாததை அந்தத் தாள் சொல்லும்.

சில மருத்துவர்கள் "வளர வளர சரியாப் போயிடும்" என்று அனுப்பிவிடக்கூடும். கோபப்பட வேண்டாம். "இவனால பரிட்சை எழுத முடியல டாக்டர், தோல் டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க" என்று பணிவாக, ஆனால் நகராமல் கேளுங்கள். அக்குளைக் காட்டப் பெண்பிள்ளை கூசினால் பெண் மருத்துவரைக் கேட்கலாம். கொஞ்சநேரம் பிள்ளை தனியாகப் பேசட்டும் என்று நீங்களே எழுந்து வெளியே நில்லுங்கள்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசுவதை மட்டும் நிறுத்துங்கள். ஈரமான விரலிடுக்கில் படர்தாமரை எளிதில் வரும். அதற்கென்று கடையில் கொடுக்கும் கலப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும், தோல் மெலிந்து கோடு விழும்.

என்ன சிகிச்சை

முதலில் பெரும்பாலும் அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சு மருந்துதான் எழுதிக்கொடுப்பார்கள். அது வியர்வைக் குழாயின் வாயில் படிந்து அடைக்கிறது. சவரக்கடைப் படிகாரமும் அலுமினிய உப்புதான், ஆனால் இந்த அளவுத் தொல்லைக்கு அதன் வலு பற்றாது. இந்த மருந்து பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் பூசும் முறைதான் காரணம், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன். இரவு படுக்கும் முன் பூச வேண்டும், சுரப்பிகள் ஓய்வெடுக்கும் நேரம் அது. தோல் முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் பட்டால் அமிலமாகி எரிக்கும், பிள்ளை மறுநாளே குப்பியைத் தூக்கி எறிந்துவிடும். நம் கரையில் தோல் காய்வதுதான் சிரமம். குளித்த கையோடு பூசாமல், பருத்தித் துணியால் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே கால்மணி நேரம் உட்கார்ந்து பிறகு மெல்லிதாகப் பூசட்டும். மின்சாரம் நின்று புழுங்கும் இரவில் பூசாமல் விட்டால் குற்றமில்லை. காலையில் கழுவிவிட வேண்டும். அக்குளில் முடி மழித்த அன்று பூசக் கூடாது. தொடக்கத்தில் தினமும் இரவு, வியர்வை குறைந்ததும் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை. எரிச்சல் வந்தால் இடைவெளி விட்டு, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அக்குளுக்கு நன்றாகக் கேட்கும், உள்ளங்கைத் தோல் தடிப்பு என்பதால் அங்கே பலன் குறையலாம்.

கைகால்களுக்கு அடுத்த வழி அயன்டோபோரசிஸ். இரண்டு தட்டுகளில் தண்ணீர், அதில் கைகளை வைத்து, 15 முதல் 20 மில்லி ஆம்பியர் அளவுக்கு மெல்லிய மின்னோட்டம், ஒருமுறைக்கு 20 முதல் 30 நிமிடம். முதலில் வாரம் 3 முறை, கை காய்ந்த பிறகு வாரம் ஒருமுறை. ஊசி இல்லை, மாத்திரை இல்லை, ஒரு குறுகுறுப்பு மட்டும். நிறுத்தினால் வியர்வை திரும்பும், தொடர வேண்டிய சிகிச்சை இது. கருவி தோல் பிரிவில் இல்லையென்றால் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் விசாரியுங்கள். வீட்டுக்கென்று வாங்கினால் ஒருமுறைச் செலவு, எப்படி இயக்குவது என்று மருத்துவமனையில் கற்றுக்கொண்ட பிறகே வாங்குங்கள். கேன் தண்ணீரில் உப்புகள் நீக்கப்பட்டிருப்பதால் மின்னோட்டம் சரியாகப் பாயாது, சாதாரணக் குழாய்த் தண்ணீர்தான் இதற்கு ஏற்றது. உங்கள் தெருத் தண்ணீர் மிகவும் உப்புக் கரிக்கும் என்றால் அதையும் சொல்லிக் கேளுங்கள். இறால் உரித்த கையில், மீன்முள் குத்திய கையில் சிறு கீறல்கள் இருக்கும். அவற்றின்மேல் வாசலைன் தடவாவிட்டால் சுரீர் என்று பிடிக்கும். மோதிரம், வளையல் கழற்ற வேண்டும். எலும்பு முறிவுக்கு உலோகத் தகடு வைத்தவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்கள், கர்ப்பிணிகள் இதைச் செய்துகொள்ளக் கூடாது. இணையத்தில் பார்த்து பேட்டரியும் வயரும் வைத்து வீட்டில் முயலும் பையன்கள் உண்டு. தோல் வெந்துபோகும், கண்டிப்பாகத் தடுங்கள்.

கிளைக்கோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரைகளை நம் ஊரில் மிக எச்சரிக்கையோடு எடுக்க வேண்டும். அவை உடம்பு முழுக்க வியர்வையைக் குறைக்கும். கத்திரி வெயிலில் மைதானத்திலோ படகிலோ நிற்கும் பிள்ளைக்கு வியர்வைதான் உடம்பைக் குளிர்விக்கும் வழி. அது நின்றால் வெப்பத்தாக்கு வரலாம். எந்த நாளில் எடுப்பது, விளையாட்டு நாளில் விடுவதா என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேளுங்கள். வாய் வறட்சி, பார்வை மங்கல், மலச்சிக்கல், சிறுநீர் இறங்காமை வந்தால் மறைக்காமல் சொல்லவேண்டும். இதே வகை மருந்தைத் தோலில் துடைத்துக்கொள்ளும் துணியாக 9 வயது முதலே பயன்படுத்த 2018இல் அமெரிக்கா அனுமதித்தது, அக்குளுக்கு மட்டும்.

போட்டாக்ஸ் ஊசி சில மாதங்கள் கைகொடுக்கும். விலை அதிகம், உள்ளங்கையில் வலியும் அதிகம். 18 வயது நிறையாத பிள்ளைக்கு ஊசி, அறுவை எதற்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

நெஞ்சுக்குள் பரிவு நரம்பை வெட்டும் அறுவைசிகிச்சையைப் பற்றி விளம்பரங்கள் இனிக்க இனிக்கப் பேசும். உள்ளங்கை காய்ந்துவிடும் என்பது மெய். ஆனால் பலருக்கு அந்த வியர்வை முதுகு, வயிறு, தொடை என்று இடம் மாறுகிறது, வெட்டியதைப் பழையபடி ஆக்கவும் முடியாது. இந்தப் புழுக்கத்தில் அதோடு ஆயுள் முழுக்க வாழவேண்டிய பிள்ளைக்கு, மற்ற எல்லா வழியும் பார்த்து முடிக்கும் முன் இதற்குச் சம்மதிக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

பள்ளியிலும் தேர்விலும்

மருத்துவர் கொடுத்த சீட்டின் நகல் ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவையுங்கள். பொதுத்தேர்வில் விடைத்தாளின் கீழே வைத்துக்கொள்ள வெற்றுப் பருத்தித்துணி அனுமதிக்கப்படுமா, விசிறிக்கு அருகில் இடம் கிடைக்குமா என்று தேர்வுக்கு முன்பே கேட்டு முடிவு செய்யவேண்டும், அன்று காலையில் வாசலில் கேட்டால் நடக்காது. மை பரவாத பந்துமுனைப் பேனா நல்லது. நீட் போன்ற தேர்வுகளில் கைரேகை எடுப்பார்கள். வரிசையில் நிற்கும்போதே கையைத் துடைத்து, பதியவில்லை என்றால் பதறாமல் மறுமுறை கேட்கும்படி வீட்டில் சொல்லிக்கொடுங்கள்.

நைலான் கலந்த சீருடைக்குப் பதில் பருத்தி கிடைத்தால் எடுங்கள். பர்தா அணியும் பெண்பிள்ளைகளுக்கும் மெல்லிய பருத்தி உள்ளாடை ஆறுதல் தரும். மூடிய காலணிக்கு இரண்டு ஜோடி காலுறை. மதியம் மாற்றிக்கொண்டால் பாதத்தில் குழி விழும் தொற்றும் நாற்றமும் குறையும்.

பள்ளிக்கே போகமாட்டேன் என்று முடங்கினாலோ, உயிரோடு இருந்து என்ன என்ற மாதிரிப் பேச்சு வந்தாலோ, தோல் மருந்து பலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

பிளஸ் டூ முடித்து மதுரைக்கோ சென்னைக்கோ விடுதிக்குப் போகும் பிள்ளையிடம் சிகிச்சைக் கோப்பைக் கொடுத்தனுப்புங்கள். எந்த மருந்து எத்தனை வாரம், எது எரித்தது, எந்த அளவில் கேட்டது என்ற குறிப்பு அதில் இருக்கட்டும். பூச்சு மருந்து முறையாகப் பூசியும் ஆறு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால், மருத்துவரை மாற்றுவதற்கு முன் அதே மருத்துவரிடம் அந்தக் கோப்போடு திரும்பப் போய் அடுத்த சிகிச்சையைக் கேளுங்கள்.